மேலவீதி லாட்ஜில் என்னைப் பெண் பார்த்தார்கள்

ஊர் உலகத்தில் பெண்ணை வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வீடு சரிப்படாவிட்டால் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். என்னைச் சிதம்பரம் மேலவீதியில், ஒரு லாட்ஜின் மாடி அறையில் வைத்துப் பார்த்தார்கள். அறுபதுகளின் நடுவில் நடந்த சங்கதி. யோசனை என் தாய்மாமனுடையது. மாமாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அது நடந்து முடிகிறவரை எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

நாங்கள் கடலூர்க் கரையோரக் குப்பத்துக்காரர்கள். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அம்மா கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவாள். எங்கள் உறவில் கரையேறிய ஒரே ஆள் மாமாதான். கடலூரில் ஒரு ஆபீசில் அட்டெண்டர் வேலை. செம்மண்டலத்தில் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு பைலைத் தூக்கிக்கொண்டு போகிற உத்தியோகம்தான். ஆனாலும் அதற்குள் இருக்கிற உத்தரவெல்லாம் தானே போட்டது என்கிற மாதிரி நடப்பார். குப்பத்துக்கு வந்தால் மூக்கை லேசாகச் சுருக்குவார். அந்த மூக்கை வளர்த்ததே எங்கள் அம்மா விற்ற மீன்தான்.

மாமா கொண்டுவந்த மாப்பிள்ளை எங்கள் சாதிதான், கிள்ளைப் பக்கம். சிதம்பரத்தில் ஒரு ஆபீசில் கிளார்க். அம்மாவோடு வாடகை வீட்டில் குடியிருக்கிறார். அவருடைய அப்பா ஊரில் 'நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிறார்' என்று தரகர் சொன்னார். மாமா சும்மா இருப்பாரா? "எங்க மச்சானுக்குக் கமிஷன் மண்டி" என்று பதிலுக்கு அடித்துவிட்டார். ஆக, மீன் பிடிக்கிற சாதியில் மீனே பிடிக்காத இரண்டு குடும்பங்கள் எப்படியோ தேடிப்பிடித்து ஒன்றையொன்று கண்டுபிடித்துவிட்டன.

அதோடு நிற்கவில்லை. அவர்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கவுச்சி ஆகாது என்று தரகர் வந்து சொன்னார். எங்களுக்கு அமாவாசை, கிருத்திகையும் சேர்த்து ஆகாது என்று மாமா சொல்லி அனுப்பினார். புரட்டாசி முழுக்கத் தொடுவதில்லை என்று அங்கிருந்து வந்தது. மார்கழியும் அப்படித்தான் என்று இங்கிருந்து போனது. கரையில் மீன் ஏலம் ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு வீடும் சுத்த சைவம் என்று முடிந்தது. இதையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டே சங்கரா மீனுக்குச் செதிள் உரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் ஆசை இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? மத்தியானம் சாய்ந்துவிட்டால் அம்மா கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி கரையில் நிற்பாள். கட்டுமரம் கண்ணில் பட்ட பிறகுதான் அடுப்பு மூட்ட வருவாள். என் சித்தப்பா ஒருவர் கடலுக்குப் போனவர் போனவர்தான். சித்தி ரொம்ப நாள் அந்த நேரத்துக்குக் கரைக்கு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரே வேண்டுதல்தான். காலையில் சைக்கிளில் போய்ச் சாயங்காலம் அதே சைக்கிளில் திரும்பி வருகிற புருஷன் வேண்டும். அழகும் நிறமும் அப்புறம். போட்டோவைப் பார்த்தால் அழகும் இருந்தது. இந்த இடம் தகைய வேண்டுமென்று நான் வேண்டாத சாமியில்லை.

"வாசல்ல வலை காயற வூட்டுக்கு எந்த ஆபீஸ்காரன் வருவான்? சிதம்பரத்துல லாட்ஜுல ரூம் போடுவோம். சாமி பாக்க வந்தோம், தங்கியிருக்கோம், வந்து பாத்துட்டுப் போங்கன்னு சொல்லுவோம். லாட்ஜுல தங்கறவங்கன்னாலே ஒரு மதிப்பு ஜாஸ்தி" என்றார் மாமா.

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் எந்த ஊரிலும் காசு கொடுத்துப் படுத்ததில்லை. அப்பாவுக்கு அது விளங்கவேயில்லை. "சிதம்பரம் இங்க இருக்கற ஊரு. காலையில போயி சாயங்காலம் வந்துட்டா, தூங்கறதுக்கு எதுக்கு ரூமு?" என்று கேட்டார். அதுதான் நாகரிகம் என்று மாமா சொன்னார்.

புறப்படுவதற்கு முன்னால் எங்களைக் கழுவும் வேலை நடந்தது. எனக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தலை அரித்துப் போயிற்று. மாமா தன் செலவில் சந்தன சோப்பு வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினார். எங்களிடம் இருந்தது ஒரே டிரங்குப் பெட்டி. அதில் அம்மா மழைக்காலத்தில் கருவாடு வைப்பாள். புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் வைத்து, உள்ளே கற்பூரமும் வைத்தாள். எங்கள் மூக்குக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அதிலேயே கிடக்கிற மூக்குக்கு என்ன தெரியும்?

லாட்ஜ் மேனேஜரின் மூக்குக்குத் தெரிந்தது. நெற்றி நிறைய விபூதியோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே பலகைகள் தொங்கின. 'சுத்த சைவம்.' 'அந்நியர் அறைக்குள் வரக்கூடாது.' 'நவீன வசதிகள் உண்டு.' நவீன வசதி என்பது வராந்தாக் கோடியில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரு குழாய் என்று பிறகு தெரிந்தது. அவர் மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன தொழில்?" என்று கேட்டார்.

"மண்டி" என்றார் மாமா.

"என்ன மண்டி?"

இந்தக் கேள்வியை மாமா எதிர்பார்க்கவில்லை. "வெல்லம்" என்று அவர் சொன்ன அதே நேரத்தில் அப்பா, "உப்பு" என்றார். மேனேஜர் குனிந்து எங்கள் பெட்டிப் பக்கமாக ஒரு மூச்சு இழுத்தார். "உப்புதான்" என்று சொல்லி, கடைசி அறையின் சாவியை எடுத்துப் போட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு உப்பு மண்டி.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், சுவரில் ரசம் போன கண்ணாடி. கட்டிலைச் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே நிரப்பியிருந்தார்கள். மூட்டைப்பூச்சிக்கு லாட்ஜின் சைவ விதி செல்லாது போலிருக்கிறது. மாமா மட்டும் மரியாதையை விடாமல் அந்தக் கட்டிலிலேயே படுத்துக் காலையில் தடித்துப்போன கழுத்தோடு எழுந்தார். நாங்கள் வராந்தாவில் பாய் விரித்து நிம்மதியாகத் தூங்கினோம்.

சாப்பாடு கீழே இருந்த ஓட்டலில். வந்த அன்று மத்தியானம் சாம்பார், ராத்திரி சாம்பார், மறுநாள் விடிந்தால் இட்லிக்குச் சாம்பார். அப்பா இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். எதையோ வைக்க மறந்துவிட்டார்கள், இப்போது வந்து வைப்பார்கள் என்று காத்திருக்கிறவர் முகம் அது. "மச்சான், நல்லா சாப்புடுங்க. பக்கத்து எலைக்காரன் பாக்கறான்" என்பார் மாமா. சும்மா இருந்த நேரமெல்லாம் அப்பாவுக்கு ஒத்திகை நடந்தது. வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் 'வியாபாரம் பரவால்ல' என்று மட்டும் சொல்ல வேண்டும். கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை வெளியே தெரியாமல் துண்டைப் போட்டு மூடிக்கொள்ள வேண்டும். அலை மேல் நிற்கிற மனுஷன் அந்தச் சின்ன அறையில் துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் நானும் ஒன்றும் சொல்லவில்லை. இடம் தகைய வேண்டுமே.

மறுநாள் காலையில் அப்பா, "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். மாமாவுக்கு ரொம்பத் திருப்தி. வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி, முகத்தில் ஒரு தெளிவு. அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள், மாமா காபிக்குச் சொல்லக் கீழே போயிருந்தார். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"மார்க்கெட்டுக்குப் பின்னால சந்துல ஒரு பாய் கடைம்மா. மீன் கொழம்பு. மாமன்கிட்ட சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப விபூதி?"

"அது வர்ற வழியில பூசிக்கினேன். என் பக்கத்துல ஒரு பெரியவரு சாப்ட்டாரு, அவருதான் சொல்லிக் குடுத்தாரு. அவரும் வூட்ல கோயிலுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்திருக்காரு. மடியில விபூதிப் பொட்டலம் வச்சிருக்காரு, எனக்கும் கொஞ்சம் குடுத்தாரு." கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தவர் அப்புறம் முகம் மாறிச் சொன்னார். "பாவம்மா அந்த ஆளு. நம்மள மாதிரி கடலுக்குப் போறவருதான். மவன் இந்த ஊர்ல ஆபீஸ் வேலையாம். எதிர்வூட்ல, பக்கத்து வூட்ல எல்லாம் கூட வேல செய்யறவங்களாம். யாரு இதுன்னு கேட்டுட்டா என்னா சொல்றதுன்னு, வந்தா கொல்லப்பக்கமா வாப்பான்னு சொல்லி வச்சிருக்கானாம். சோறெல்லாம் நல்லாதான் போடறாங்களாம். கொல்லையிலேயே உக்காந்து சாப்ட்டுட்டு அப்படியே போயிடுவாராம். இன்னிக்கு ஏதோ விசேஷமாம், அதுக்குப் புதுச் சட்டை தச்சுக் குடுத்து இட்டாந்திருக்காங்களாம். சட்டை கழுத்தப் புடிக்குதுன்னு சொன்னாரு."

"இப்படியும் ஒரு பிள்ளையா?" என்று நான் அந்த முகம் தெரியாத மகனை நன்றாகத் திட்டினேன். அம்மா வந்து என்னைப் புடவை மாற்றக் கூப்பிட்டாள்.

நல்ல நேரம் பார்த்து அவர்கள் வந்தார்கள். என்னை வராந்தாவில் காபித் தட்டோடு நிறுத்தியிருந்தார்கள், மாமா குரல் கொடுத்ததும் உள்ளே போக வேண்டும். அதனால் நான் முதலில் கேட்டது பேச்சைத்தான். மாப்பிள்ளையின் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்பது கட்டில் போட்ட சத்தத்தில் தெரிந்தது.

"எங்க வூட்ல கவுச்சி வாசமே ஆகாது. தெருவுல மீன்காரி கூவினாகூட எனக்குத் தல வலிக்கும்" என்றார் அந்த அம்மா.

"எங்கக்காவுக்கும் அதே தலைவலிதான்" என்றார் மாமா. அவருடைய அக்கா என்பது தெருத்தெருவாக மீன் கூடை தூக்குகிற என் அம்மாதான்.

குரல் வந்தது. நான் உள்ளே போனேன். மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தார். போட்டோவைவிட நேரில் நன்றாக இருந்தார். நான் தட்டை நீட்டியபோது, "முதல்ல அம்மாவுக்குக் குடுங்க" என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னார். நகமெல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தது. மனசுக்குள் ஒரு சைக்கிள் மணி அடித்தது என்றே சொல்ல வேண்டும். கட்டிலில் அவருடைய அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தொடைக்குக் கீழே நடக்கிற அக்கிரமத்தை முகத்தில் காட்டாமல் தாங்கிக்கொண்டிருந்தார். என்ன இருந்தாலும் சுத்த சைவக் குடும்பம், ஒரு உயிரை நசுக்கலாமா?

தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டு உள்ளே வந்ததில் கவனிக்காத ஸ்டூலை அப்புறம்தான் பார்த்தேன். அதைக் கதவோரமாக, பாதி உள்ளேயும் பாதி வராந்தாவிலுமாகப் போட்டிருந்தது. அதில் ஒரு பெரியவர். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, கழுத்துப் பொத்தானுக்குள் விரலை விட்டுவிட்டு எடுத்தார். நெற்றியில் பட்டை விபூதி. "அவரு எங்க வூட்டுக்காரரு, நிலத்தப் பாத்துக்கறாரு" என்று மாப்பிள்ளையின் அம்மா கைகாட்டினார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் தரையைப் பார்த்தார். இரண்டு பேர் கையும் துண்டுக்குள் இருந்தது.

காலையில் முகம் தெரியாமல் நான் திட்டித் தீர்த்த மகன், காபியை ஊதிக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

பேச்சு வேகமாக நடந்தது. ஜாதகம் பொருந்தியிருக்கிறது, பெண்ணையும் பிடித்திருக்கிறது. உப்பு வியாபாரம் எப்படி என்று அந்த அம்மா கேட்டார், பரவாயில்லை என்று அப்பா சொன்னார். நெல் விளைச்சல் எப்படி என்று மாமா கேட்டார், பரவாயில்லை என்று பெரியவர் சொன்னார். தை மாசம் முகூர்த்தம் வைக்கலாம் என்றார்கள். ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றால் போதும், நான் வேண்டிக்கொண்டது அப்படியே கிடைத்துவிடும். அம்மா மாதிரி கரையில் நிற்க வேண்டாம். சித்தி மாதிரியும் நிற்க வேண்டாம்.

அப்போதுதான் மாப்பிள்ளை தன் முற்போக்கைக் காட்டினார். "காலம் மாறிடுச்சு. பொண்ணு ஏதாவது கேக்கணும்னா என்கிட்டயே கேக்கலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார். மாமா நெஞ்சு நிமிர்ந்து, "கேளும்மா, சும்மா கேளு" என்றார். என்ன சம்பளம், சினிமாவுக்கு இட்டுக்கொண்டு போவீர்களா என்று இப்படி ஏதாவது கேட்டு எல்லாரும் சிரிக்க வேண்டும், அதுதான் நாகரிகம்.

நான் கேட்டேன். "எங்கப்பா என்னைப் பாக்க உங்க வூட்டுக்கு வந்தா, எந்த வாசலா வரணும்?"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளைக்குப் புரிந்தது. அவர் முகம் சட்டென்று சின்னப் பையன் முகமாகிவிட்டது. காபி டம்ளரைக் கீழே வைத்தார், மறுபடியும் எடுத்தார். ஏதாவது சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். 'முன்வாசல்' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும். சத்தியமாக நம்பியிருப்பேன், அவ்வளவு ஆசை எனக்கு. அவர் சொல்லவில்லை. மகனைப் பார்க்கப் பொறுக்காமல் ஸ்டூலிலிருந்து பெரியவர்தான் பேசினார்.

"கொல்லப்பக்கந்தாம்மா. ஒண்ணும் குத்தமில்ல. அந்தப் பக்கம் மரம் இருக்கு, காத்து நல்லா வரும்."

அந்த அம்மா கட்டிலை விட்டு எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "ராவுகாலம் வந்துடும், கெளம்பலாம்" என்றார். மாப்பிள்ளை யாரையும் பார்க்காமல் படி இறங்கினார். பெரியவர் கடைசியாக எழுந்தார். அப்பா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரே, ஒரு நாளைக்கி எங்க வூட்டுக்கு வாங்க. கடலூர்ல எறங்கிக் குப்பத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. எங்களுதுல இருக்கறதே ஒரு வாசல்தான்" என்றார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு மாமா கத்தியதை மேனேஜர் இரண்டு தடவை வந்து அடக்க வேண்டியிருந்தது. "எவ்ளோ பெரிய எடம். ஒரு வாயில கெடுத்துட்டா. இனிமே உன் பொண்ணுக்கு எவன் பாப்பான் மச்சான்?" என்று அப்பாவையும் பிடித்துக்கொண்டார். அப்பா பெட்டியைக் கட்டினார். மாமா எங்களோடு வராமல் தனியாக பஸ் ஏறிப் போய்விட்டார். தை மாசம் வந்து போயிற்று. அதற்குள்ளேயே அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாகத் தரகர் வந்து சொன்னார்.

அன்று சாயங்கால ரயிலில் நாங்கள் மூன்று பேர் மட்டும் திரும்பி வந்தோம். அம்மா மூலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். தைரியமாகக் கேட்டுவிட்டாளே என்று இப்போது பேரப்பிள்ளைகள் மெச்சுகிறார்கள். எனக்கு அன்றைக்குத் தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கைக்கு வந்தது போய்விட்டதே என்று அடிவயிற்றிலிருந்து அழுதேன். பரங்கிப்பேட்டை தாண்டுகிறவரை அப்பா அழவிட்டார். அப்புறம் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"எனக்கு அவரப் புடிச்சிருந்துதுப்பா" என்றேன்.

அப்பா என் கையிலிருந்த துண்டை வாங்கி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவுங்கப்பாவுக்கும் அந்தப் புள்ளைய ரொம்பப் புடிக்கும்மா. அதனாலதான் கொல்லப்பக்கமா போறாரு" என்றார்.